நீவிவிட்ட கழுத்து

கண்ணுகளா, உங்க பெரியப்பா செத்த கதையை நான் முழுசாச் சொன்னதில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எடப்பாடியில் நானும் அவரும் விசைத்தறி ஓட்டினோம். ஒருநாள் அண்ணனுக்கு வலது கை விழுந்து, பேச்சுக் குழறியது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

“சேலம் போயி டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாரேன்டா சாமி” என்றார்.

“அதான் கை வந்துருச்சுல்லீங்கண்ணா, வெறும் சுளுக்குங்க. தறியில ஏத்துன பாவு நூலு முடியட்டும்” என்று சிரித்தபடி, எண்ணெய் தேய்த்துக் கழுத்தை அழுத்தி நீவிவிட்டேன்.

மறுநாள் தறிமேலேயே சாய்ந்தார். சேலத்து டாக்டர், “கழுத்து ரத்தக்குழாய் சுருங்கி அடைச்சிருக்கு. நேத்தே வந்திருக்கணும். வெளிநாட்டுல பலூன் விட்டு விரிச்சுப் பாக்கறாங்களாம், இங்க அது இல்லை” என்றார். அந்தக் கழுத்தைத்தான் அழுத்தி நீவினேன் என்பதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

தானாகச் சரியானதை நோயே இல்லையென்று நினைத்தது என் அறிவு.

காரியம் முடிந்தபின் தனியாகப் போய், தறிகளை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் நின்று, “நாந்தான் நீவுனேன்” என்று கத்தினேன்.