பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லவும்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை வெகுகாலம் தலை நிமிராமல் வருகைப் பதிவு எடுத்தவர். முப்பத்து நான்கு பெயர்கள், முப்பத்து நான்கு ‘உள்ளேன் டீச்சர்’, முப்பத்து நான்கு டிக். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். பத்தொன்பது வருடம் அப்படித்தான் முடிந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

இருபதாவது வருடம் ஒரு தாய் பள்ளிக்கு வந்தாள். மகன் மஞ்சள் காமாலையில் நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், லீவு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஆசிரியை பதிவேட்டைத் திறந்தார். நான்கு நாளும் பையன் பள்ளிக்கு வந்திருந்தான். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு ஆண்டு முடிவில் ஒரு சான்றிதழ் உண்டு. அது நண்பனுக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று, பக்கத்தில் உட்காரும் பையன் அவன் குரலிலேயே நான்கு நாளும் ‘உள்ளேன்’ சொல்லியிருக்கிறான்.

அந்தத் தாய் கோபப்படவில்லை. “அவன் இல்லாதது உங்களுக்குத் தெரியவே இல்லையா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். குத்திக்காட்டும் தொனிகூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மொத்த வகுப்பிலும் அவன் இல்லாததைத் தினமும் காலையில் கவனித்தவன், பொய் சொன்ன அந்த நண்பன் ஒருவன்தான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பதிவு எடுக்கும் முறை மாறியது. பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்: வந்திருக்கிறானா, எப்படி வந்திருக்கிறான். ஒருவன் தன் இருப்பைத் தானே அறிவிப்பதைவிட இன்னொருவன் அதைக் கவனித்துச் சொல்வது மேல் என்று அவர் எங்கும் படித்திருக்கவில்லை. மறுபடி ஏமாறக் கூடாது என்பதுதான் எண்ணம். பல நல்ல ஏற்பாடுகள் இப்படித்தான் பிறக்கின்றன, பிறகுதான் அவற்றுக்குக் கொள்கை கிடைக்கிறது.

“வந்திருக்கா டீச்சர். ஒரு பல்லு ஆடுது. நானே தொட்டுப் பாத்தேன்.”

“வந்திருக்கான் டீச்சர், ஆனா பாதிதான். மீதி இன்னும் தூங்குது.”

“வந்திருக்கான். அவங்க வீட்டுப் பூனைக்கு நாலு குட்டி. இன்னிக்கு அவன்கிட்ட எது கேட்டாலும் பூனைன்னுதான் சொல்வான்.”

இதனால் வகுப்பில் அன்பு பெருகி ஓடியது என்று சொல்ல முடியாது. சண்டைகள் முன்போலவே நடந்தன. ஆனால் எவனுக்கு எந்த முழங்காலில் காயம் என்று தெரிந்து, மற்ற முழங்காலில் உதைத்தார்கள். ஆசிரியை இதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை ஒரு நாள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். “பதினோரு நிமிஷமா? பட்டாளத்துலகூட இவ்வளவு நேரம் ஆள் எண்ண மாட்டாங்களே.”

“எண்ணலை மேடம். விசாரிக்கிறேன்.”

“விசாரணைய பதினோரு நிமிஷத்துக்கு மேல போக விடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆறு வருடம் அப்படி ஓடியது.

ஆறாவது வருடத்தில்தான் சுருட்டையும் கீச்சும் ஒரே பெஞ்சில் வந்து சேர்ந்தார்கள். வகுப்பு வைத்த பெயர்கள். பையனுக்குத் தலைமுடியால் வந்தது, பெண்ணுக்குக் குரலால். சுருட்டை அதிகம் பேசாதவன். கீச்சு அவனுக்கும் சேர்த்துப் பேசுபவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சுருட்டையின் பெயரைக் கூப்பிட்டதும் கீச்சு எழுந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்: “வந்திருக்கான் டீச்சர். ஆனா மனசு சரியில்ல. அவங்க அப்பாவுக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. தினமும் பையத் தூக்கிட்டுக் கிளம்பிப் போயி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காரு. அவங்க அம்மாவுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சொன்னான்.”

சுருட்டை பெஞ்சில் உள்ள ஒரு கீறலை நகத்தால் ஆழமாக்கிக்கொண்டிருந்தான். ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கவனிக்காததுபோல் இருந்தால் பிள்ளைகளும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பினார். இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்த ஒருவர் அப்படி நம்பியிருக்கக் கூடாது. “சரி, உக்காரு” என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான்கு மணிக்குள் விஷயம் முப்பத்து மூன்று வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பத்து நான்காவது வீட்டுக்கு ஆறு மணிக்குப் போனது. காய்கறிக் கடையில் ஒரு பெண் சுருட்டையின் அம்மாவைப் பார்த்து, “அவருக்கு வேற ஏதாவது வேலை அமைஞ்சுதாக்கா?” என்று கேட்டாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். தன் தம்பியிடம் சொல்லிப் பார்க்கவும் தயாராக இருந்தாள். சுருட்டையின் அம்மா கையிலிருந்த கத்திரிக்காயைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் காலை அப்பா பள்ளிக்கு வந்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கிடங்கு பார்த்தவர். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. வேலை போனது ஊருக்கே தெரிந்த பிறகும் பையை மாட்டாமல் வெளியே வர அவரைப் பழக்கம் விடவில்லை.

“நீங்க பாடம் நடத்துறீங்களா, இல்ல ஊர்க்கதை கேக்கிறீங்களா?” என்றார்.

“தப்புதான் சார்.”

சண்டைக்கு வந்தவருக்கு இது வசதியாக இல்லை. “தப்புன்னுட்டா ஆச்சா? என் வீட்டுல நேத்துலேருந்து அடுப்பு எரியல. அவனை இந்த வகுப்புலேருந்து எடுத்துடுங்க. ‘அ’ பிரிவுல போடுங்க. அங்க பேரைச் சொன்னா உள்ளேன்னு சொல்றாங்க, அவ்வளவுதான். மரியாதையா இருக்கு.” பிறகு குரல் இறங்கியது. “அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே எனக்குப் புரியல. நான் ஒரு நாள்கூட வீட்டுல வாயத் திறக்கல.”

ஆசிரியை சற்றுத் தயங்கினார். “ஸ்கூல் வேன் பஸ் ஸ்டாண்ட் வழியாத்தான் சார் போகுது.”

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு மாதம். அப்பா அதைக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் வகுப்பு மாற்றும் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்து இந்த ‘விசாரணை’யையும் முடித்துவிடலாம், படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

புதனும் வியாழனும் வருகைப் பதிவு நான்கு நிமிடத்தில் முடிந்தது. “வந்திருக்கான், நல்லா இருக்கான்.” “வந்திருக்கா, நல்லா இருக்கா.” கையில் மாவுக்கட்டோடு வந்தவனும் நன்றாக இருந்தான். கீச்சு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். சுருட்டை பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை மாலை ஆசிரியை இதையெல்லாம் கணவரிடம் சொன்னார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“லிஃப்ட்டப் பாரு. பத்துப் பேர் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எல்லாரும் மேல எரியற நம்பரப் பாக்கிறாங்க. ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கிறதில்ல. அதான் சண்டையே வர்றதில்ல.”

“அரை நிமிஷம் நிக்கிறாங்க, சரி. ஒரு வருஷம் அதுக்குள்ளயே இருக்கச் சொல்லுங்க, பாப்போம்.”

“அது சரி. அப்ப நாளைக்கு என்ன பண்ணப்போற?”

“தெரியலைங்க. அவன் போயிட்டா, உண்மையைச் சொன்னா வெளியே அனுப்பிடுவாங்கன்னு முப்பத்து நாலு பேரும் கத்துக்குவாங்க. நான் கத்துக்குடுத்த வேற எதுவும் ஞாபகம் இருக்காது, இது இருக்கும்.”

கணவர் துணியை மடித்து வைத்தார். “உண்மையைச் சொன்னது அவன் இல்லையே. அந்தப் பொண்ணுதானே?” என்றார். ஆசிரியை அன்று அதையே நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார்கள். அந்த நிலையில் கம்பீரமாகப் புகார் சொல்வது கடினம். தையல்காரம்மா முயன்று பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர் குறட்டை விடறது இந்த வகுப்புக்கே தெரியுது மேடம். போன வாரம் ரொட்டி வாங்கப் போனா, இந்த பேக்கரி அண்ணன், ‘ராத்திரி தூங்குனியாம்மா’ன்னு கேக்கிறாரு.”

“அக்கறையிலதானே கேட்டேன்” என்றார் பேக்கரிக்காரர்.

“அந்த அக்கறைய ரொட்டியில காட்டுங்கண்ணே. உள்ள வெறும் காத்துதான் இருந்துச்சு.”

“என்னை மட்டும் விட்டாங்களா? நான் முடிக்குச் சாயம் பூசறது வரைக்கும் வெளியே வந்தாச்சு.”

“அது சொல்லித்தான் தெரியணுமா?”

தலைமை ஆசிரியை மேசையைத் தட்டினார். ஆசிரியை எழுந்து, “ஒண்ணு கேக்கிறேன். உங்க வீட்டு விஷயம் வெளியே போனதுதான் தப்பா? மத்தவங்க விஷயம் உங்க வீட்டுக்கு வந்ததும் தப்பா?” என்றார்.

கடைசியில் தையல்காரம்மாதான் ஒப்புக்கொண்டாள். “வந்தது நல்லாத்தான் இருந்துச்சு. போன மழையில ஒரு பொண்ணு நனைஞ்சுக்கிட்டே வர்றான்னு எம்பொண்ணு வந்து சொன்னா. மீந்துபோன துணியில ஒரு மழைக்கோட்டு தச்சுக் குடுத்தேன். சொல்லலைன்னா எனக்கு எங்க தெரியப்போகுது?”

“பிள்ளைங்ககிட்ட ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்கன்னு சொன்னேன்” என்றார் ஆசிரியை. “பாத்தத எல்லாம் சொல்லணுமான்னு சொல்லித் தரல. சொல்லப்படறவன் அதுக்கு ஒத்துக்கிட்டானான்னு கேக்கணும்னு எனக்கே தோணல. அவன் ஒருத்திய நம்பிச் சொன்னான். நான் வச்ச முறையால அது ஊர் முழுக்கப் போச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அவன் மேலயும் இல்ல. இனிமே சொல்றதுக்கு முன்னாடி, ‘இதச் சொல்லலாமா’ன்னு கேட்டுட்டுத்தான் சொல்லணும். வேணாம்னா ‘வந்திருக்கான்’ போதும். இதுவும் வேணாம்னு நீங்க சொன்னா நிறுத்திடறேன்.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் சுருட்டையின் அப்பாவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். அவர் எழுந்து படிவத்தை மேசையில் வைத்தார்.

“நீங்க என்ன வேணா மாத்துங்க. இவனை மாத்திடுங்க” என்றார்.

“அவனைக் கேட்டீங்களா?” என்றாள் பின்னாலிருந்து அவர் மனைவி.

“சின்னப் பையன்கிட்ட என்ன கேக்கிறது?”

“உங்க வேலை போனதத்தான் என்னைக் கேக்காம, எனக்குச் சொல்லாம ரெண்டு மாசம் நீங்களே வச்சுக்கிட்டீங்க. இதையாவது அவனைக் கேளுங்க.”

இது முழு அறைக்கும் கேட்டது. இதை யாரும் பிள்ளைகள் மூலம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மைதானத்திலிருந்து சுருட்டையைக் கூட்டி வந்தார்கள். மூச்சு வாங்க வந்து நின்றான். முழங்காலெல்லாம் மண்.

“உன்னை மாத்தணுமாடா?” என்றார் அப்பா.

“மாத்தணும்” என்றான் உடனே.

ஆசிரியை படிவத்துக்குக் கையை நீட்டினார். கை மேசை விளிம்பிலேயே நின்றுவிட்டது. அப்பா தலைமை ஆசிரியையைப் பார்த்தார், ‘நான்தான் சொன்னேனே’ என்பதுபோல. ஆனால் ஜெயித்த முகமாக இல்லை.

“எங்க மாத்தணும்?” என்று கேட்டது அம்மா.

“ஜன்னல் பக்கம். கீச்சு பக்கத்துல உக்கார மாட்டேன். சொல்லாதன்னு சொல்லியும் சொல்லிட்டா.”

“‘அ’ பிரிவுக்குப் போறியா?” என்றார் ஆசிரியை.

சுருட்டை குழம்பிப்போனான். “அங்க எதுக்கு டீச்சர்? அங்க யாரையும் எனக்குத் தெரியாதே.”

அப்பா அவனைப் பார்த்தார். “அப்பா, உங்கள பஸ் ஸ்டாண்டுல எத்தனை நாள் பாத்தேன்னு...” என்று அவன் தொடங்கியபோது, “வீட்டுல பேசிக்கலாம்டா” என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். படிவத்தைத் திரும்பக் கேட்டார். தலைமை ஆசிரியை கொடுக்கவில்லை. அவர் கைக்கு வந்த எந்தத் தாளும் திரும்பிப் போனதில்லை. அதை இழுப்பறையில் போட்டார். “பதினோரு நிமிஷம். அதுக்கு மேல கூடாது” என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தார்.

திங்கட்கிழமை வருகைப் பதிவுக்குப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு பெஞ்சிலும் பேச்சுவார்த்தை நடந்தது. “பல்லு விழுந்ததச் சொல்லவா?” “சொல்லு, ஆனா அழுததச் சொல்லாத.” “அழுததாலதானே கதையே.” கீச்சு முன் வரிசையில் ஒரு பொறுமையான பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடம் ஒன்பது விஷயங்களுக்கு அனுமதி கேட்டு, இரண்டுக்கு வாங்கினாள்.

சுருட்டை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பை கீழே இருந்தது. அவனுடைய வீட்டில் அந்தச் சனியும் ஞாயிறும் என்ன நடந்தது, அப்பா இப்போது எங்கே போகிறார் என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவர்களுக்குப் புதிது, கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்தது.

அவன் பெயரைக் கூப்பிட்டதும், பக்கத்தில் புதிதாக வந்தவன் எழுந்தான். எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவன்.

“வந்திருக்கான் டீச்சர்” என்றான். கொஞ்சம் யோசித்தான். “கேட்டேன். இன்னிக்கு வேற எதுவும் சொல்ல வேணாமாம்.”

ஆசிரியை டிக் போட்டார். முன் வரிசையில் கீச்சு கையைத் தூக்கினாள், தனக்கு ஏதோ தெரியும் என்பதுபோல. கையைக் கீழே போடச் சொன்னார்.