மூன்றாவது சர்வரை எழுப்பிய குணசேகர்

மாரிக்குப்பத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்த நாராயணசாமிக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் மலர், ஒக்கலிபுரத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ரவிக்கு வாழ்க்கைப்பட்டாள். மகன் குணசேகர் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அவனைக் கேட்டால் அவற்றைப் பெற்றதே தான்தான் என்கிற மாதிரி பேசுவான்.

ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கிற படங்களைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். ஒரு படத்தை அனுப்பினால், அங்கிருக்கும் மூன்று சர்வரிலும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு பிரதி எழுதி வைத்துவிடும். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் வேலையை விடாது. அதை எழுதினவன் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டான் குணசேகர். சொந்தப் பெரியம்மா மகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. சர்வர் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று மட்டும், பந்தியில் இலை எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருப்பான்.

ரவி எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வைத்துக்கொள்வான். அதைப் பார்த்து குணசேகர் சிரித்த சிரிப்பு தங்கைக்கே பிடிக்கவில்லை.

"என்ன மாப்ளே, இன்னும் டப்பாவுல அடைச்சு வச்சிக்கினு? எங்க சிஸ்டம் ஸ்டேபிள். விழவே விழாது."

"ஒரு தைரியத்துக்குத்தான் மச்சான்."

"நான் இருக்கறப்ப உனக்கு இன்னொரு தைரியம் எதுக்கு?"

மலரின் அண்ணன் சொன்ன பிறகு மறுப்பது மரியாதையில்லை என்று ரவி டிஸ்க்கை மூட்டை கட்டினான். ஆவணியில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் நேரே ஹெப்பகோடிக்குப் போயின. கேமரா கார்டை அழித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடினான்.

அந்த ஆவணி பிறக்கிறபோதே சர்வரில் ஒன்று படுத்துவிட்டது. குணசேகர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு ஓடுகிறதே, போதாதா? ஒன்று போயும் சிஸ்டம் விழவில்லை என்று அதையும் பெருமையில் சேர்த்துக்கொண்டான்.

ஆயுத பூஜை வந்தது. சர்வர்களை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மறுபடி ஓடவிட்டார்கள். பக்கத்து சீட்டு மமதா போட்டோ எடுக்க போனைத் தூக்கினாள்.

"குணா சார், ஒண்ணு மட்டும் இருட்டா இருக்கே. பூஜை போட்டோல நல்லாவா இருக்கும்?"

குணசேகர் ஒயரைச் சொருகினான். படுத்திருந்தது பச்சை விளக்கோடு எழுந்தது. எழுந்ததும், தான் வைத்திருப்பதே சரி என்றது. ஆவணிக்கு முன்னே தூங்கிப்போன அதற்கு ஒரு கல்யாணமும் தெரியாது. மற்ற இரண்டும் வேறு கணக்குச் சொல்லின. சாஃப்ட்வேர் அத்தனையையும் நிறுத்திவிட்டு, எதைச் சரியென்று எடுத்துக்கொள்ள என்று திரையில் கேட்டது. எழுந்தது அவன் முதன்முதலில் வாங்கி வைத்த சர்வர். மூத்ததன் பேச்சு எடுபடட்டும் என்று அதையே காட்டினான். மற்றவற்றில் கூடுதலாக இருப்பது அழிந்துவிடும், சம்மதமா என்று சாஃப்ட்வேர் இன்னொரு தடவை கேட்டது. அவன் படிக்கவில்லை. போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டே சம்மதம் கொடுத்தான். பொரி கடலை தின்று முடிப்பதற்குள் ஆவணி மாதமே துடைத்துக்கொண்டு போயிற்று.

ரவி பதறிக்கொண்டு வந்தான்.

"மச்சான், ஆவணில எடுத்தது ஒண்ணுகூட காணோம்."

"சாஃப்ட்வேர் சரியில்ல மாப்ளே. எழுதினவங்களுக்குக் காட்டமா மெயில் போட்டிருக்கேன்."

"விழவே விழாதுன்னீங்களே."

"இப்பவும் விழலியே. ஓடிக்கினுதான இருக்கு."

"அப்ப இதையே பொண்ணு வீட்ல வந்து சொல்லுங்க," என்று ரவி அவனைச் சிவாஜிநகரில் ஆவணிக் கல்யாணம் நடந்த ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனான். அங்கே பேர் கெட்டால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான்.

மணப்பெண் அம்ருதாவின் அம்மா கிருஷ்ணம்மாள் நாற்காலி போட்டாள். "ஆல்பம் எங்கப்பா? வளைகாப்பு வந்துடும் போலிருக்கே."

குணசேகர் தொண்டையைச் செருமினான். "மூணு சர்வர்லயும் காப்பி இருக்கும்மா. அதுல ஒரு சாஃப்ட்வேர் கோளாறு…"

"அது கெடக்குது. தாலி கட்டினது இருக்குதா இல்லியா?"

"ரெகவரி பாத்துக்கினு இருக்கோம்."

யாரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ரவி குறுக்கிட்டான். "இல்லம்மா. ஒரு படம்கூட இல்ல. எல்லாம் போயிடிச்சு."

கிருஷ்ணம்மாள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். "எங்கப்பா கைத்தாங்கலா வந்து அட்சதை போட்டாரே. அது?"

"அதுவும்தாம்மா."

அவள் பார்வை குணசேகர் மேல் வந்து நின்றது. "ஆமா, இவரு யாரு?"

எந்தச் சபையானாலும், மலரோட அண்ணன், கம்ப்யூட்டரில் பெரிய ஆள் என்று சொல்லித்தான் ரவி அவனை உட்கார வைப்பான். குணசேகர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"கம்பெனி ஆளும்மா," என்றான் ரவி.