அப்பாவுக்குத் திமிங்கலம் காட்டப் போனது

சென்னை பக்கம் ஒரகடத்துல ஒரு கம்பெனியில எனக்குப் பார்க்குறதுதான் வேலை. அடேங்கப்பா, பெரிய வேலைன்னு நினைச்சுக்காதீங்க. காருக்குப் போற பிளாஸ்டிக் பார்ட் லைன்ல வரும். ட்யூப்லைட் கீழ முன்பக்கம், பின்பக்கம், ஓரம் பார்த்து, கீறல் இல்லன்னா ‘ஓகே’ன்னு வாய்விட்டுச் சொல்லி வச்சிரணும். ஓகே சொன்னதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா பின்னால குவிஞ்சிரும், சூப்பர்வைசர் கத்துவார். பழகிப் பழகி, ஹாஸ்டல் இட்லியைக்கூடப் புரட்டிப் பார்த்துட்டுத்தான் தின்பேன்.

எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம். அப்பா கடல்ல போய் வந்தவர். சுகர் அவர் கண்ணைத் தின்னுட்டே வந்துச்சு, டாக்டரும் கையை விரிச்சிட்டார். ஒருநாள் போன்ல, “மக்களே, திமிங்கலம் போற சீசன் வந்துட்டு. பார்வை இருக்கையிலயே ஒருக்கா பார்த்துக்கிடுதேன். நீ வந்து காட்டுதியா?”ன்னார். எங்கிட்ட எதையும் கேக்குற மனுசன் இல்ல அவர்.

லீவு கேட்டேன். “இன்னாம்மா, மீன் பாக்கறதுக்கெல்லாம் லீவா? காசிமேட்டுக்குப் போ, கூடை கூடையா கீது”ன்னு சூப்பர்வைசர் சிரிச்சார். லைன்ல பக்கத்துல நிக்குற, பென்னலூர்ல இருந்து வர்ற அக்காதான், “நீ போய்ட்டு வா கண்ணு, உன் ஷிப்டையும் சேத்து நான் பாத்துக்கறேன்”னாங்க. அப்புறந்தான் விட்டாங்க.

அப்பாவைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கரையில ஒரு பாறை மேல நின்னோம். அவருக்கு நடுவுல இருட்டு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். அதனால நான் முதல்ல கண்டுபிடிச்சு, அவர் தாடையைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பணும்னு பேசி வச்சிருந்தோம். முத நாள் ஒண்ணும் வரல.

மறுநாள் காலையில தூரத்துல தண்ணி பீச்சியடிச்சுது. கருப்பா ஒரு முதுகு மெதுவா எழும்பி வளைஞ்சுது. பார்த்தேன். வாய் ‘ஓகே’ன்னுது. கண்ணு தானா அடுத்ததுக்குப் போயிட்டு. ஒரு படகு. அப்புறம் ஒரு காக்கா.

“ஏ, அங்க பாரு!”ன்னு பக்கத்துல நின்னவங்க கூவினாங்க. அப்பா என் கையைத் தேடிப் பிடிச்சு, “எங்கட்டி? எங்கன?”ன்னார். நான் திரும்புறதுக்குள்ள அது உள்ள போயிட்டு. வெயில் ஏறுற வரைக்கும் நின்னோம். வேற எதுவும் வரல.

எனக்கு அழுகை வரல. என் மேல கோவமாவது வருதான்னு பார்த்தேன், அதுவும் வரல. மரத்துப்போன காலை ஊனி நிக்குற மாதிரி நின்னேன், அவ்வளவுதான். அப்பா திட்டல. “நீ பார்த்தேல்லா? போதும்”னார்.

மறுநாளே நான் லைனுக்குத் திரும்பிட்டேன். இப்போ அப்பாவுக்கு வெளிச்சமா இருட்டான்னு மட்டுந்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்குன்னு எல்லாம் கேட்டுட்டுக் கடைசியா, “அன்னைக்கு அது எப்படிட்டி இருந்துச்சு?”ம்பார்.

“பெருசா இருந்துச்சுப்பா. கருப்பா.”

“பொறவு?”

பொறவு நான் பார்த்தது படகும் காக்காவுந்தான். அவர் போனைக் காதுல வச்சுக்கிட்டுக் காத்திருக்கார்.