கண்டுபிடித்தவர் பெயர்

எங்கள் கம்பெனி கேன்டீன் டிவியில் எப்போதும் பாட்டுதான் ஓடும். அந்த வருஷம் மழைக்காலத்தில் பத்து நாள் போல அதில் நாடாளுமன்றம் ஓடியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ மாற்றினார்கள், அப்புறம் யாருக்கும் திருப்பி மாற்றத் தோன்றவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்தபடி நாற்பது பெண்கள் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காரணம் இருந்தது. வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறோம். இரண்டு லைன். ஒன்றாவது லைன் சரக்கு உள்ளூர் வண்டிகளுக்கு. இரண்டாவது லைன் சரக்கு கப்பலேறிப் போகும். அந்த இரண்டாவது லைனுக்கு நான் லீடர். வாங்குகிற நாடு நம் சரக்கு மேல் திடீரென்று வரியை ஏற்றிவிட்டது. வாங்குகிறவர்கள், 'வரி விஷயம் முடிவாகட்டும், அதுவரை அனுப்ப வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் குடோனில் கூரை வரைக்கும் ஏறி நின்றன.

முடிவு செய்ய வேண்டியவர்கள் இரண்டு நாட்டுச் சபைகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர்ச் சபையில் ஓட்டெடுப்பைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு லீவுக்குப் போய்விட்டார்கள் என்று எங்கள் இன்ஜினியர் சொன்னார். நம் சபையில் வர்த்தக மசோதாவைப் பேச ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாள் வந்தது. பதினோரு மணிக்குச் சபை கூடியது. கத்தினார்கள். காகிதத்தைக் கிழித்தார்கள். இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. இரண்டு மணிக்குக் கூடி, அதே கத்தல், நாளை வரை ஒத்திவைப்பு. மறுநாளும் அதேதான். நான் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னா வேலை பாத்துகினு கீறாங்க இவங்கல்லாம்?" என்று கத்தியே விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீட்டிலும் இதே புகார்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கத்தவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "எக்கா, லைனை நிறுத்திட்டு எல்லாரும் எங்க எந்திச்சுப் போறாவ? எதுக்கு நின்னுச்சுன்னு ஒருத்தரும் எழுத மாட்டாவளா?"

எங்களுக்கு அது நியாயமான கேள்வி. எங்கள் லைனில் ஒவ்வொருவர் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. தப்பு ஒன்றைப் பார்த்தால் அமுக்க வேண்டும். லைன் நிற்கும், பிறந்தநாள் பொம்மை பாடுகிற மாதிரி ஒரு மெட்டு அடிக்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். அதோடு விடமாட்டார்கள். 'ஐந்து ஏன்' என்று ஒரு தாள் இருக்கிறது. ஏன் நின்றது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து படி இறங்கி எழுத வேண்டும். தற்காலிகத் தீர்வு, நிரந்தரத் தீர்வு, பொறுப்பாளர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் கட்டம் கட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே முதல் கட்டம், 'கண்டுபிடித்தவர் பெயர்'. அந்தக் கட்டத்தில் பேர் வந்தால் அது கௌரவம். மறுநாள் காலை மீட்டிங்கில் பேரைப் படிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவோம். தப்பைக் கண்டுபிடித்தவரைத் திட்டுகிற வழக்கமே எங்கள் லைனில் கிடையாது. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். ஒரகடத்தில் ஹாஸ்டலில் நாலு வருஷம் இருந்தாள், கான்ட்ராக்டில்தான் வேலை. புருஷன் இல்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. மகள் ஊரில் அக்காவிடம் வளர்ந்தாள். அந்த ஜூனில்தான் துணிந்து வல்லத்தில் ஒற்றை அறை வீடு பிடித்து, மகளைக் கூட்டிவந்து படப்பையில் நாலாம் வகுப்பில் சேர்த்தாள். சேர்த்த அன்றைக்கு லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். "இனி லீவு போட்டு ஊருக்கு ஓட வேண்டாம்க்கா, பிள்ள எங்கூடயே இருக்கா" என்று அன்றைக்கு நாலு தடவை சொல்லியிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமைக் காலை மீட்டிங்கில் பிளான்ட் மேனேஜர் வந்து நின்றார். மாசக் கடைசிக்குள் முடிவு வராவிட்டால் இரண்டாவது லைன் மூடப்படும் என்றார். பர்மனென்ட் ஆட்கள் ஒன்றாவது லைனுக்குப் போவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களைப் பிறகு கூப்பிடுவோம் என்றார். அந்தப் 'பிறகு' எப்போது என்று யாரும் கேட்கவில்லை. நான் பர்மனென்ட். அவளைத் திரும்பிப் பார்த்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தவள், இரண்டு விரலை ஒரு விரல் போகிற இடத்தில் விட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிறு மேல்சபை எம்.பி. ஒருவர் படப்பைக் கல்யாண மண்டபத்தில் கண் மருத்துவ முகாம் தொடங்கிவைக்க வருவதாக போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். மனு கொடுக்கலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்தால் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். எனக்குக் கெஞ்ச வரவில்லை, கேள்வி கேட்கத்தான் வந்தது. மேஜையில் 'ஐந்து ஏன்' தாள் கட்டு இருந்தது. ஒன்றை உருவினேன்.

அப்புறம் பேனா நிற்கவில்லை. லைன் ஏன் நிற்கப் போகிறது? பெட்டிகள் போகவில்லை. பெட்டிகள் ஏன் போகவில்லை? வாங்குகிறவர் வேண்டாம் என்கிறார். ஏன்? வரி. வரி ஏன் தீரவில்லை? இரண்டு நாடும் பேசி முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை? சபை கூடிய நேரத்தைவிட ஒத்திவைத்த நேரம் அதிகம். தற்காலிகத் தீர்வு: தினமும் சபை நடக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு: மசோதாவைப் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பொறுப்பாளர்: மாண்புமிகு உறுப்பினர். தேதி: மாசக் கடைசி. பின்பக்கம் நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் போட்டாள்.

மேலே முதல் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஞாயிறு காலை எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் போகும்போதுதான் கவனித்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேன்டீனில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள்தானே! அவள் பேரை, அப்பா பேரின் முதலெழுத்தோடு, டோக்கன் நம்பரோடு, அழகாக எழுதினேன். அவளுக்குச் சேர வேண்டிய கைதட்டல் அது என்று நினைத்தேன்.

மண்டபத்தில் எம்.பி. தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அதற்கே எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

"பொறுப்பாளர்னு என்னையே போட்டுட்டீங்களேம்மா" என்று சிரித்தார். "தேதி வேற போட்டுருக்கு."

"தேதி போடாத பேப்பரை எங்க லைன்ல வாங்க மாட்டாங்க சார்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கண்டிப்பா சபையில கேக்கறேன்" என்றார். அவருடைய உதவியாளர் தாளையும் எங்களையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். லைனிலிருந்து வந்திருந்த ஆறு பேரும் வெளியே டீக்கடையில் பஜ்ஜி தின்றோம். மகளுக்கு ஜுரம் என்று அவள் வந்திருக்கவில்லை. எனக்கு அன்றைக்கு நடை கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செவ்வாய்க்கிழமை மதியம் கேன்டீன் டிவியில் அவர் எழுந்து நின்றார். கையில் எங்கள் தாள்! நாற்பது பேரும் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டோம். "லைன் ஏன் நிற்கப் போகிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள்" என்று ஆரம்பித்தார். முதல் ஏன் மட்டும்தான் படித்தார். இரண்டாவது வருவதற்குள் எதிர்ப்பக்கம் ஒருவர் எழுந்தார், இந்தப் பக்கம் நாலு பேர் எழுந்தார்கள், யாரோ யாரையோ மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நாளை வரை ஒத்திவைப்பு. மறுபடி உட்கார்ந்து டிவியைத் திட்டினோம். அவள் மட்டும், "ஒண்ணாவது படிச்சாரேக்கா" என்றாள். அவ்வளவுக்கே அவள் முகம் தெளிந்திருந்தது.

அன்று சாயங்காலம் எச்.ஆரில் கூப்பிட்டார்கள். மேஜை மேல் அந்த ஃபோட்டோவின் பிரிண்ட் இருந்தது. உதவியாளர் அதை ஞாயிறே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார், நல்ல எண்ணத்தோடுதான். தாளின் தலைப்பில் வாங்குகிறவர் பேரும் பார்ட் நம்பரும் அச்சடித்திருந்தன. அடியில் 'வெளியே கொண்டுசெல்லக் கூடாது' என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் தினம் நாலு தடவை பார்க்கிற தாள்தான். ஆனால் அந்த வரியைப் படித்ததே இல்லை. வாங்குகிறவர்களே ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான்தான் எழுதுனேன். தாளை எடுத்தது நான், கொண்டுபோனது நான்" என்றேன்.

"தெரியும் மேடம், உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா" என்றார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க பர்மனென்ட். உங்களுக்கு நோட்டீஸ், என்கொயரின்னு ரெண்டு மாசம் ஆகும். வாங்கறவங்க நாளைக்கே ஒரு பேரைக் கேக்கறாங்க. பேப்பர்ல முதல் கட்டத்துலயே ஒரு பேரு கீது. கான்ட்ராக்ட் ஆளு. ஏஜென்சிக்கு ஒரு போன் போதும்."

நான் கத்தினேன். அழுதேன். அந்தக் கட்டம் தப்பு செய்தவருக்கு இல்லை, கௌரவத்துக்கு என்று விளக்கினேன். "லைனுக்குள்ள அப்படித்தான் மேடம்" என்றார் அவர். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் காலை கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை.

பதினைந்து நாள் போல அவள் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். எல்லா கேட்டிலும் ஒரே பதில்: வரி விஷயம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். நானும் லீவு போட்டு இரண்டு நாள் கூடப் போனேன். வெயிலில் நின்று தெரிந்த சூப்பர்வைசர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்பு வாங்குகிறவர்களிடமிருந்து தகவல் வந்தது. சபைகள் எதையும் முடிக்கவில்லை. அவர்கள் சரக்குதான் தீர்ந்துபோயிருந்தது. பெட்டிகளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது லைன் மூடவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவரும் போகவில்லை, அவளைத் தவிர. நான் ஏஜென்சிக்காரரிடம் ஓடினேன். அவள் பேரை எடுக்கக் கூடாத லிஸ்டில் போட்டுவிட்டார்கள், இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிக்கும் அவர்கள் மூலம் அனுப்ப முடியாது என்றார்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், அவளுக்கு அங்கே அதுதான் கடைசி நாள். அவளை அக்காவிடம் விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் சேரப் போவதாகச் சொன்னாள். லைன் மூடவில்லை என்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நல்லதுக்கா. எல்லாரும் பிள்ளகுட்டிக்காரிய" என்றாள்.

மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் கயிற்றைச் சுற்றினாள். எம்.பி.யை, டெல்லியை, எச்.ஆரை, ஒவ்வொருவராகத் திட்டினேன். நம்மையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிறார்கள் என்று ஏதேதோ பேசினேன். அவள் முடிச்சை இறுக்கிப் போட்டு முடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒம்மேல கோவமில்லக்கா. எம்பேரை எழுதுறதுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பஸ்ஸில் போன் என் கையில்தான் இருந்தது.