சிதறு தேங்காய் வழக்கு

கொட்டாஞ்சேனையில் தேர் வரும் நாளில் ரோட்டெல்லாம் தேங்காய் உடையும். நேர்த்திக்காரர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து அடிப்பார்கள். தேர் தாண்டிப் போனதும் அந்தச் சில்லுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்புக்கு வந்ததிலிருந்து நான் அவற்றைச் சாக்கில் பொறுக்கி, கழுவி, புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்து வந்தேன். உடைத்தவர்களே, "தம்பி, இஞ்சாலயும் கிடக்கு" என்று கை காட்டுவார்கள்.

போன வருடம் சாக்கு பாதி நிறைந்தபோது ஒருவர் வந்து அதைப் பிடித்தார். வெள்ளைச் சாரம், கழுத்தில் துவாய்.

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

"ஆரைக் கேக்கிறது? சாமிக்கு உடைச்சது."

"சாமிக்கு உடைச்சதுதான். இந்த முறை சில்லு பொறுக்கிற குத்தகை எனக்கு. கோயிலுக்குக் காசு கட்டியிருக்கிறன்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை போல. தேர்க் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டார். பொலிஸ்காரர் என் தோளில் கை வைத்து, "மல்லி, யமு" என்றார். தம்பி, வா போவோம் என்று, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவது போல.

மறுநாள் காலை நீதிமன்றத்துக்கு என்னோடு சாக்கும் வந்தது. அது வழக்குப் பொருளாம். வெயிலில் தேங்காய் புளித்து நாறியது. வாங்கில் இருந்தவர்கள் என்னை விட்டுத் தள்ளி இருந்தார்கள்.

எனக்கு அப்போது மாலைதீவில் ஒரு ஹோட்டல் சமையலறை வேலை சரிவந்திருந்தது. என் பேரில் குற்றம் எதுவும் இல்லை என்ற பொலிஸ் ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்த ஊரிலும் நிலையாக இருக்காதவன். அப்படி ஒரு வேலை இரண்டாம் முறை வராது. இதைத்தான் அங்கே நின்ற கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணி ஒருவரிடம் சொன்னேன்.

"தம்பி, ஒத்துக்கொண்டா பின்னேரமே போகலாம்," என்றார்.

"நான் களவெடுக்கேல்ல சேர். பொறுக்கினனான்."

"அப்ப இல்லையெண்டு சொல்லும். வழக்கு நடக்கும், வெல்லவும் கூடும். ஆனா இண்டைக்குப் பிணைக்கு ஆள் வேணும். சொந்த விலாசத்தோட."

"என்ர விலாசம் மாறிக்கொண்டே இருக்கும்."

"பிணைக்கு ஆள் வாறவரைக்கும் விளக்கமறியல்தான்."

ஒத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் கறை. மறுத்தால் உள்ளே கிடக்கும்போதே வேலை போய்விடும். குற்றம் செய்யாதவன் உள்ளேயும் செய்தவன் வெளியேயும் போவது எப்படி என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். இரண்டுமே எனக்கு விளங்கின. எடுத்தேனா என்றால் எடுத்தேன். களவா என்றால் தெரியாது. தெரியாது என்று சொல்ல அங்கே இடமில்லை.

"குற்றவாளி," என்றேன்.

ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. இன்னொரு முறை பிடிபட்டால் உள்ளே போக வேண்டும். ஏஜென்சிக்காரர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு நீதிமன்ற வாசலில், பஸ்ஸுக்கு நின்ற என் பக்கத்தில் குத்தகைக்காரரும் வந்து நின்றார். கோபமெல்லாம் போயிருந்தது.

"கை கெதியாத்தான் ஓடுது உனக்கு. அடுத்த முறை எனக்குப் பொறுக்க வாறியா?"

பஸ் வந்ததும் நான் ஏறிவிட்டேன். ஆனால் இந்த வருடம் போனேன். அதே ரோடு. சாக்கு மட்டும் அவருடையது. வேறு ஆட்கள் எடுத்தால் விரட்ட வேண்டும் என்பதும் வேலையில் சேர்த்தி.

தேர் போன பிறகு ஒரு அம்மா, தேருக்காக மறித்து வைத்திருந்த பஸ்ஸால் இறங்கி வந்து, இரண்டு சில்லுகளைப் பையில் போட்டார். என்னைக் கண்டதும் கை நின்றது.

"தம்பி, எடுக்கலாம்தானே?"

தூரத்தில் குத்தகைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுங்கோ என்று சொன்னால், அவர் சாமானை நானே தூக்கிக் கொடுத்த மாதிரி. அது இரண்டாவது குற்றமாகுமா? எடுக்க வேண்டாம் என்றால், அந்த அம்மா கள்ளியா? கேட்க அந்தச் சட்டத்தரணியும் இல்லை.

நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். தலையை நிமிர்த்தவேயில்லை. பஸ் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது. அந்த அம்மா சில்லுகளோடு போனாரா, கீழே போட்டுவிட்டுப் போனாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.