கழுத்து அளக்கும் ஹமீதுன்னிசா

பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பினால் ஹமீதுன்னிசா சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதுவரை அந்த ஆளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு என்ன காரணம் சொல்வது?

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பவர். மண்டையோட்டின் அடிப்பாகம் கழுத்தெலும்பின்மேல் உட்காரும் இடத்தின் இயல்பான அளவுகளை அங்கே டாக்டர் ஹரீஷ்குமார் திரட்டிவருகிறார். புத்தகத்தில் இருப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களின் அளவு. நம் ஆட்களுக்கு எவ்வளவு? வண்டியிலிருந்து விழுந்து ஸ்கேனுக்கு வந்து, ஒன்றுமில்லை என்று வீடு திரும்பியவர்களின் படங்களில் பெயரை நீக்கிவிட்டு, கோடு போட்டு அளந்து கொடுப்பது ஹமீதுன்னிசாதான். விரிசல் விட்ட எலும்பென்றால் டாக்டர்கள் எல்லாரும் திரையைச் சூழ்ந்துகொள்வார்கள். நல்ல கழுத்தை ரசிக்க இவர் ஒருவர்தான். "பாருங்க சார், எவ்ளோ அம்சமா உக்காந்திருக்குது!" என்பார், பெண் பார்த்துவிட்டு வந்தவரைப் போல.

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர் ஒருவர், "இவ்ளோ நேரம் படுக்க வெச்சுட்டு ஒண்ணுமில்லன்றீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். "ஒண்ணுமில்லாம இருக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்ண்ணா" என்று அவரை அனுப்பிவைத்தார் ஹமீதுன்னிசா.

படுக்கவைத்ததும் எல்லாரிடமும் ஒரே மந்திரம்: "தலைய ஆட்டாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. ஆச்சு, இதோ ஆச்சு."

கணவர் கௌஸ் மொய்தீனுக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. ஹெல்மெட் தலையில் இருக்காது, வண்டிக் கண்ணாடியில் தொங்கும். கேட்டால், "ஊரான் கழுத்தெல்லாம் அளந்துட்டு வந்து என் கழுத்த அறுக்காதம்மா" என்பார்.

போன வாரம் மழையில் வண்டி சறுக்கி, கழுத்துப் பட்டையோடு ஸ்ட்ரெச்சரில் அவரே வந்தார். "கை மரத்துப்போன மாதிரி இருக்குது ஹமீதா" என்றார். எலும்பு விலகியிருந்தால் கைகால் விளங்காமல் போய்விடும் என்பது ஹமீதுன்னிசாவுக்குத் தெரியாததல்ல.

"வேற யாராவது எடுக்கட்டும்மா" என்றார் டாக்டர்.

"இல்ல சார், நானே எடுக்கறேன்."

கணவருக்கும் அதே மந்திரம்தான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். படம் திரையில் விரிந்தது. எத்தனையோ கழுத்துகளைப் பார்த்த கண்ணுக்கு அன்று எதுவுமே பிடிபடவில்லை. கோடு போடாமலே மவுசை டாக்டர் பக்கம் தள்ளினார். டாக்டர் அளந்தார். நம்பிக்கையில்லாதவர்போல மறுபடியும் அளந்தார்.

"நார்மல்தான்மா. நீங்க சொல்ற மாதிரி, அம்சமா உக்காந்திருக்குது. கை மரத்தது சும்மா அடிபட்டதாலதான், சரியாயிடும்."

"ஏம்மா, ஆச்சா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கணவரின் குரல் கேட்டது.

கணவரோடு சேர்ந்து தானும் இவ்வளவு நேரம் வாயிலேயே அடக்கி வைத்திருந்த எச்சிலை ஹமீதுன்னிசா அப்போதுதான் விழுங்கினார்.