தொண்டையில் நிற்கும் அரபு

அரபு படிக்கிறவர்களுக்கு முதலில் நோவது நாக்கு இல்லை, தொண்டை. பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு, அது விழித்துவிடுமோ என்று வாய்க்குள்ளேயே கனைத்துக் கனைத்துப் பாடம் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். குவைத்தில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அந்தச் சம்பளத்துக்கு, கட்டத் தொடங்கிய எங்கள் வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. மகள் ஹரிணிக்கு மூன்று வயது. என் பயமெல்லாம் அவள்தான்.

கை போன இடம்

பதுளை டவுனில் சனிக்கிழமை வகுப்பு. டீச்சர் ரிஹானா கொன்வென்டில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். நான் இந்துப் பிள்ளைதான். ஆனாலும் பாடம் தொடங்கினால் எழும்பி நின்று சிலுவை போட்டுப் பழகிய கை. முதல் நாள் அவள் "தொடங்குவோமா" என்றதும், மக்கா படம் மாட்டிய அவள் வீட்டில் என் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. ரிஹானா சொன்னாள்:

"பயப்படாதடி. எனக்கும் மதரஸாவுல இப்படித்தான் கை போச்சு. உஸ்தாத் நான் ஈ ஓட்டுறேன்னு நெனச்சாரு."

ஒட்டகம்

பாடம் முடிந்ததும் அவள் ஒரு பழைய கவிதை வாசித்துப் பொருள் சொல்வாள். வேலைக்கு உதவாதது. நான் காத்திருப்பது அதற்குத்தான். அந்தக் காலத்துப் புலவர்கள் சொல்ல வந்ததை உடனே சொல்லிவிட மாட்டார்களாம். முதலில் ஒட்டகத்தை நிறுத்துவார்கள். அன்பானவள் கூடாரம் போட்டிருந்த இடத்தில் கரி பிடித்த அடுப்புக்கல் மட்டும் கிடக்கும். அதைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எனக்கு நமுனுகுலப் பக்கம் நான் பிறந்த தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், ஞாபகம் வந்தது. மண்சரிவுக்குப் பயந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, அங்கே கூரைத் தகரம்கூட மிஞ்சவில்லை. அம்மாவின் அடுப்பு மட்டும் புல்லுக்குள் கிடந்தது. கண்ணைத் துடைத்தேன். பக்கத்தில் இருந்த மலரும் வெளிநாடு போகத்தான் படிக்கிறாள். காதுக்குள் கேட்டாள்:

"ஏன் புள்ள, அவங்க போனவங்கள நெனச்சுத்தானே அழுவுறாங்க? போறவங்க நாமதானே. நமக்கு யாரு ஒட்டகத்த நிறுத்துவா?"

புத்தக அரபு

இப்போது நாங்கள் இருக்கும் லயத்தில், பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். படித்ததைப் பெருமையாக ஒப்பித்துக் காட்டினேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "இது புத்தகத்துல உள்ளதுடி. இப்படிப் போயி தேத்தண்ணி வேணுமான்னு கேட்டா, யாரோ மௌலவி வந்துட்டாருன்னு மேடம் எழும்பி நிப்பா!"

சிரிப்பு அடங்கியதும், கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டேன். திரும்பி வந்தபோது மகனுக்கு அடையாளம் தெரிந்ததா? கூடைக் கயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அவங்க அப்பா பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு கேட்டான், 'இந்த அக்கா எப்ப போவாங்க?'ன்னு."

பிள்ளைக் காம்பரா

எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போவது பிள்ளைக் காம்பராவில். வகுப்பு நாளில் ஹரிணியும் அங்கேதான். வீட்டில் நான் பாடம் சொல்லும்போது விழித்திருந்தால் என் மடியில் இருப்பாள். அரபியில் "வா" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். குவைத் வீட்டுப் பிள்ளை என்னை அப்படித்தான் கூப்பிடுமாம்.

விசா வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட சனிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கி அவளைக் கூட்டப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை எழுத்து தப்பாமல், அந்த அரபு வார்த்தையில் கூப்பிட்டாள். ஒரு செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஆயாம்மா கதவைத் திறந்தார்:

"காலையில இருந்து இதையேதான் சொல்லுது தங்கச்சி. தமிழ்ல கூப்பிடேன்னு சொன்னோம். தமிழ்ல கூப்பிட்டா அம்மா போயிருவாங்களாம், இப்படிக் கூப்பிட்டாத்தான் வருவாங்களாம்."

அந்த வார்த்தைக்கு ரிஹானா எனக்கு முழு மார்க்ஸ் போட்டிருக்கிறாள். கேட்டதும் ஓடி வர வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது, எந்தப் பிள்ளையிடம் என்பதுதான் இல்லை.